பெயர் ஒன்று, ஒயில் வேறு: வாகனத்தின் ஆண்டு மாறும்போது பராமரிப்பில் மாறுபவை

புத்தளம் தில்லையடியில் நான் வேலை செய்யும் கராஜுக்கு, ஒன்றுக்கொன்று ஐம்பது வருட வயது வித்தியாசமுள்ள வாகனங்கள் ஒரே கிழமையில் வந்து நிற்கும். மொறிஸ் மைனர், டொல்பின் வான், கேடிஎச் வான், மூன்று தலைமுறை விட்ஸ் கார்கள், அக்குவா, வெகன் ஆர், முச்சக்கர வண்டி எல்லாம் வரும். கொண்டு வருபவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: “எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாத்த வேணும்? என்ன ஒயில் போட வேணும்?”

இதற்கு எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஒரே பெயர் கொண்ட காரிலும், தயாரித்த ஆண்டு மாறினால் ஒயில், கூலன்ட், கியர் ஒயில், மாற்றும் கால இடைவெளி எல்லாம் மாறிவிடுகின்றன. வாப்பா பழைய காருக்குச் செய்ததை மகன் புதிய காருக்குச் செய்கிறார். புதிய காரைப் பற்றிக் கேள்விப்பட்டதைப் பழைய வானுக்குச் செய்பவர்களும் உண்டு. இரண்டிலும் எஞ்சின் கெடுகிறது.

இங்கே எஞ்சின் கெடுவது சிறிய விடயமல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்கள் பல தில்லையடியில் உள்ளன. வீடும் கடையும் தோட்டமும் போல வாகனங்களும் அங்கேயே விடப்பட்டன. பல வருடங்களுக்குப் பிறகு லீசிங்கில் ஒரு வானோ முச்சக்கர வண்டியோ எடுத்தவர்களுக்கு அதுவே வருமானம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது, முசலி, சிலாவத்துறை, யாழ்ப்பாணம் என்று காணி பார்க்கப் போகிறவர்களைக் கொண்டுபோய் விடுவது, நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது எல்லாம் அந்த ஒரு எஞ்சினை நம்பித்தான். அது நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்கும் இக்கட்டுரை உதவும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் எம்மிடமிருந்த வாகனங்கள் எல்லாம் ஐந்து வயது கூடின. திறந்த பிறகும் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

முதலில் ஆண்டைச் சரியாக அறிதல்

“2015 கார்” என்று சொல்லுவார்கள். அது இலங்கையில் பதிவு செய்த ஆண்டாக இருக்கும். பராமரிப்புக்குத் தேவையானது தயாரித்த ஆண்டும் மாதிரிக் குறியீடும். தயாரித்த ஆண்டு வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கும். மாதிரிக் குறியீடு வாகனத்தில் பொருத்திய உலோகத் தகட்டில் இருக்கும். 1000 சீசீ விட்ஸ் என்றால் அது எஸ்சிபி10, கேஎஸ்பி90, கேஎஸ்பி130 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மூன்றும் வேறு வேறு எந்திரங்கள் என்றே எண்ண வேண்டும்.

ஜப்பானில் ஓடிய வாகனத்தின் கதவு ஓரத்திலோ பொனற்றுக்குள்ளோ கடைசியாக ஒயில் மாற்றிய திகதியுடன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஆண்டு ஜப்பானிய முறையில் இருக்கலாம். ஹெய்செய் ஆண்டானால் 1988ஐக் கூட்டுங்கள்: ஹெய்செய் 25 என்றால் 2013. ரெய்வா ஆண்டானால் 2018ஐக் கூட்டுங்கள்: ரெய்வா 2 என்றால் 2020. அந்த ஸ்டிக்கரில் உள்ள கிலோமீற்றரை இப்போதைய மீற்றருடன் ஒப்பிட்டால், மீற்றரில் கை வைத்திருக்கிறார்களா என்பதும் சில வேளை தெரிந்துவிடும். மீற்றரை நம்ப முடியாத வாகனத்துக்குத் திகதியை வைத்தே பராமரிப்புச் செய்ய வேண்டும்.

எஞ்சின் ஒயில்: 3,000 மைலில் இருந்து 15,000 கிலோமீற்றர் வரை

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 காலத்தில் 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது வழக்கம். கார்பரேற்றர் எரிபொருளைத் துல்லியமாக அளந்து கொடுக்காது. மிகுதியான பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். அக்கால ஒயிலும் விரைவில் கருகும்.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது வடக்கில் இது இன்னும் மோசமாக நடந்தது. பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில், சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40, மொறிஸ் மைனர் கார்களை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின் என்பதால் அது ஓடியது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், மண்ணெண்ணெய் மணக்கும். கூடியது ஒயில் அல்ல. உராய்வைத் தடுக்கும் தன்மையை அது இழந்துவிட்டது. இன்றும் எந்த வாகனத்திலும் ஒயில் மட்டம் தானாகக் கூடினால் எரிபொருளோ தண்ணீரோ இறங்குகிறது என்றுதான் பொருள். அப்போது கிலோமீற்றரைப் பார்க்காமல் ஒயிலை மாற்றி, காரணத்தைத் தேட வேண்டும்.

பின்னர் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு வந்தது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. ஒயிலின் தரமும் உயர்ந்தது. அதனால் கம்பனிகள் இடைவெளியை நீட்டின. ஜப்பானில் ரொயோட்டா, டேர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்கிறது. டேர்போ உள்ள பெற்றோல் கார்களுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம்.

இடைவெளி எப்போதும் நீண்டுகொண்டே போனது என்று நினைக்கக் கூடாது. 1997 முதல் 2002 வரையான சில ரொயோட்டா எஞ்சின்களில் ஒயில் களிபோல இறுகி வழிகளை அடைத்த பிரச்சினை அமெரிக்காவில் எழுந்தது. 2002இல் அந்த எஞ்சின்களுக்குக் கம்பனி விசேட உத்தரவாதம் வழங்கியது. அதன்பின் வந்த மாதிரி ஆண்டுகளில் அங்கே 7,500 மைலாக இருந்த இடைவெளி 5,000 மைலாகக் குறைந்தது. 2010ஐ ஒட்டி 0டபிள்யூ-20 செயற்கை ஒயில் வந்ததும் அது 10,000 மைல் ஆனது. ஒரே கம்பனி, ஒரே நாடு, பத்து வருடத்துக்குள் மூன்று இடைவெளிகள். ஆகவே அடுத்தவரின் காருக்கான எண்ணை உங்கள் காருக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

எமது வீதிக்கு எந்த எண்?

15,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதையே பின்பற்றுபவர்கள் அதே கையேட்டின் அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். “கடுமையான பாவனை” என்றால் அந்த இடைவெளி பாதியாகும்: 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். டேர்போ காருக்கு 2,500 கிலோமீற்றர் அல்லது மூன்று மாதம். கடுமையான பாவனை என்பது கரடுமுரடான வீதி, புழுதி, 8 கிலோமீற்றருக்குக் குறைந்த சிறிய ஓட்டங்கள், நின்று நின்று ஓடுதல், எஞ்சினை நீண்டநேரம் ஓடவிட்டு நிற்றல், வருடத்துக்கு மிக அதிகமாக ஓடுதல். பாடசாலை வானும் முச்சக்கர வண்டியும் இதில் ஒன்றிரண்டல்ல, பெரும்பாலானவற்றைத் தினமும் செய்கின்றன. எமது பாவனை கடுமையான பாவனைதான்.

நான் சொல்லும் கணக்கு இதுதான். சாதாரண பெற்றோல் காருக்குக் கனிம ஒயில் என்றால் 5,000 கிலோமீற்றர், முழுச் செயற்கை ஒயில் என்றால் 7,500 கிலோமீற்றர். இரண்டிலும் ஆறு மாதம் முந்தினால் ஆறு மாதம். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்களில் “கார் ஓடவே இல்லையே” என்று ஒன்றரை வருடம் ஒயில் மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. ஓடாமல் நின்றாலும் ஒயிலில் ஈரப்பதமும் அமிலமும் சேரும். அதனால்தான் கையேட்டில் மாதமும் எழுதியிருக்கிறது.

ஒயிலின் தடிப்பு

பழைய எஞ்சின்களில் பாகங்களுக்கிடையே இடைவெளி அதிகம். அவற்றுக்கு 20டபிள்யூ-50 பொருத்தம். பிற்கால எஞ்சின்களில் ஒயில் வழிகள் நுண்ணியவை. அவற்றுக்கு 5டபிள்யூ-30, பிறகு 0டபிள்யூ-20, அண்மைய சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 கூட வந்துவிட்டது. “எங்கட நாடு சூடு, தடிச்ச ஒயில்தான் நல்லது” என்று அக்குவாவுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது தவறு. ஸ்டார்ட் செய்தவுடன் ஒயில் மேலே ஏறச் சுணங்கும். அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனத்தில் எஞ்சின் ஒரு பயணத்திலேயே பல தடவை நின்று தொடங்குவதால் அந்தச் சுணக்கம் கூடுதல் தேய்மானத்தைத் தரும். கையேடு அனுமதிக்கும் தடிப்புகளுக்குள் மட்டும் தெரிவு செய்யுங்கள்.

மறுபக்கமும் உண்மை. “புதிய தரம், விலை கூடியது” என்று மொறிஸ் மைனருக்கு 0டபிள்யூ-20 ஊற்றக் கூடாது. கற்றலிற்றிக் கொன்வேட்டரைப் பாதுகாப்பதற்காக மெல்லிய ஒயில்களில் பொஸ்பரசின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். நாகமும் பொஸ்பரசும் சேர்ந்த சேர்மம்தான் பழைய எஞ்சின்களின் கேம், ரப்பெற் தேய்வதைத் தடுப்பது. 20டபிள்யூ-50 ஒயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய எஞ்சினுக்கு அதுவே சரி. ஈயமில்லாப் பெற்றோலில் பழைய வால்வு இருக்கைகள் மெல்லத் தேயும் என்பதால் ரப்பெற் இடைவெளியையும் அடிக்கடி பாருங்கள். மொறிஸ் மைனர் 1000க்கு அது எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம்.

டொல்பினும் கேடிஎச்சும்

எமது பகுதியில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். 1989 முதல் 2004 வரை வந்த ஹைஏஸ் தலைமுறையைத்தான் நாம் டொல்பின் என்கிறோம். 2004இல் வந்த அடுத்த தலைமுறையின் டீசல் வான் கேடிஎச். இரண்டும் ஹைஏஸ்தான், ஆனால் எஞ்சின் முற்றிலும் வேறு.

டொல்பினின் 3எல், 5எல் எஞ்சின்களில் டைமிங் பெல்ற் 100,000 கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டும். கேடிஎச் வானின் 1கேடி, 2கேடி எஞ்சின்களில் 150,000 கிலோமீற்றர். நேரம் வந்ததும் மீற்றர் பலகையில் டைமிங் பெல்ற் விளக்கு எரியும். சில இடங்களில் பெல்ற்றை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு வானை விற்றுவிடுகிறார்கள். பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வான் வாங்குபவர், பெல்ற் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். விட்ஸ், அக்குவா போன்றவற்றில் பெல்ற் இல்லை, சங்கிலிதான். அதற்குக் கிலோமீற்றர் குறிக்கப்படவில்லை. ஆனால் ஒயிலைக் கவனிக்காவிட்டால் சங்கிலியும் நீண்டு சத்தம் போடும்.

எரிபொருளிலும் வேறுபாடு உண்டு. டொல்பினின் பொறிமுறைப் பம்ப் ஓரளவு தாங்கும். கேடிஎச் வானின் கொமன் ரெயில் பம்பும் இன்ஜெக்டரும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்பவை. டீசல்தான் அவற்றுக்கு மசகு. மண்ணெண்ணெய் கலந்த டீசல் அவற்றை உரசித் தின்றுவிடும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயரும் வரை அந்தக் கலப்பு இலாபமாகத் தெரிந்தது. அதன் செலவை இன்ஜெக்டர் மாற்றும்போது கொடுத்தார்கள். கேடிஎச் வானின் டீசல் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றி, அதில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பிற்கால கேடிஎச் வான்கள் சிலவற்றில் புகைக் குழாயில் துகள் வடிகட்டி உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த டிஎல்-1 தர ஒயில் வேண்டும். சாதாரண டீசல் எஞ்சின் ஒயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும். வடிகட்டி இல்லாத பழைய டொல்பினுக்கு இந்தக் கவலை இல்லை.

கூலன்ட்: நிறமும் கிணற்றுத் தண்ணீரும்

ரொயோட்டாவின் பழைய சிவப்பு நிறக் கூலன்ட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. 2000களின் நடுப்பகுதியில் இளஞ்சிவப்பு நிறக் கூலன்ட் வந்தது. ஜப்பானில் அதற்கு முதல் தடவை 160,000 கிலோமீற்றர் அல்லது 7 வருடம், அதன்பின் 80,000 கிலோமீற்றர் அல்லது 4 வருடம். சிவப்பைத் தண்ணீருடன் கலந்தே ஊற்ற வேண்டும். இளஞ்சிவப்பு ஏற்கனவே கலந்து வருவது, அதற்குள் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டையும் கலந்தால் நீண்ட ஆயுள் போய்விடும், பிறகு சிவப்பின் கணக்கில்தான் மாற்ற வேண்டும். நிறம் மட்டும் போதாது, வேறு கம்பனிகள் அதே நிறத்தில் வேறு கலவை விற்கின்றன. போத்தலில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். றேடியேற்றருக்குள்ளும் அதுதான் படியும். பழைய காரின் அகலமான பித்தளை றேடியேற்றர் கொஞ்ச நாள் தாங்கும். புதிய காரின் மெல்லிய அலுமினியக் குழாய்கள் விரைவில் அடைபடும். வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால், ஊர் வந்ததும் முழுவதையும் வடித்து, வடிநீரால் கழுவி, சரியான கூலன்ட் நிரப்புங்கள். சூடான எஞ்சினின் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஒட்டோ கியர் ஒயில்

முதல் தலைமுறை பிரியஸில் டைப் டி-4 ஒயில். 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து டபிள்யூஎஸ் ஒயில். ரொயோட்டாவின் மற்ற ஒட்டோ கியர்களிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இந்த மாற்றம் வந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது. சீவீரி கியருக்கு இவை இரண்டுமே ஆகாது. ரொயோட்டா சீவீரிக்கு முன்பு டிசி, பின்பு எஃப்ஈ என்று தனி ஒயில் உண்டு. சுசுக்கிக்கு அதன் சொந்த ஒயில். “எல்லா ஒட்டோவுக்கும் பொருந்தும்” என்று சொல்லி ஒரு கேனிலிருந்து ஊற்றுவதை அனுமதிக்காதீர்கள். சீவீரி பட்டி ஒருமுறை வழுக்கத் தொடங்கினால் ஒயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

ஹைபிரிட், பிரேக், பிளக்

அக்குவா, பிரியஸ் வாகனங்களில் இன்வேட்டருக்குத் தனியான கூலன்ட் தாங்கி உண்டு, அதன் மட்டத்தையும் பாருங்கள். பின்னிருக்கைப் பக்கம் உள்ள பற்றரிக் காற்று வழியைச் சாமான் வைத்து மறைக்க வேண்டாம். அதன் விசிறியைப் புழுதி இல்லாமல் சுத்தம் செய்வது பற்றரியின் ஆயுளைக் கூட்டும். இந்த வாகனங்களில் பிரேக் ஒயில் மாற்றிக் காற்று எடுக்கக் கணினிக் கருவி தேவை. அது இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். களப்போரமும் உப்பளமும் உள்ள எமது ஊரில் இரண்டு வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். புதிய டொட் 3 ஒயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை, ஈரம் சேர்ந்ததும் 140 பாகை. டொட் 4க்கு 230, 155. ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் ஆவியானால் பெடல் தரைவரை இறங்கும்.

பழைய சாதாரண பிளக்குகள் 20,000 கிலோமீற்றருக்குள் மாற்றப்பட வேண்டும். புதிய கார்களின் இரிடியம் பிளக் 100,000 கிலோமீற்றர் வரை ஓடும். அதைக் கம்பித் தூரிகையால் உரசக் கூடாது.

முச்சக்கர வண்டி

இரண்டு ஸ்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. அவற்றில் 2ரீ ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரிந்துவிடும். நான்கு ஸ்ரோக் வண்டியில் எஞ்சின் ஒயில் உள்ளே தங்கி கிளச்சையும் கியரையும் நனைக்கிறது. காருக்கான “எரிபொருள் சேமிக்கும்” மெல்லிய ஒயிலை இதற்கு ஊற்றினால் கிளச் வழுக்கும். போத்தலில் ஜாசோ எம்ஏ என்ற தரம் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் இதேதான்.

வாங்கிய நாளில் செய்ய வேண்டியவை

பழைய வாகனம் ஒன்றை வாங்கினால்:

1. தயாரித்த ஆண்டையும் மாதிரிக் குறியீட்டையும் ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.
2. எஞ்சின் ஒயில், ஒயில் வடிகட்டி, காற்று வடிகட்டி ஆகியவற்றை, முந்தியவர் என்ன சொன்னாலும், மாற்றுங்கள்.
3. கூலன்ட்டின் நிறத்தையும் பிரேக் ஒயிலின் நிறத்தையும் பாருங்கள். துரு நிறமோ கறுப்போ என்றால் மாற்றுங்கள்.
4. பெல்ற் உள்ள எஞ்சினா, சங்கிலி உள்ளதா என்று கேட்டறியுங்கள்.
5. ஒவ்வொரு வேலைக்கும் திகதி, கிலோமீற்றர், ஒயிலின் பெயர், தடிப்பு ஆகிய நான்கையும் கொப்பியில் எழுதிப் பற்றுச்சீட்டை ஒட்டுங்கள்.
6. வெறும் ஒயில் கேனைக் குத்தி ஓட்டையாக்குங்கள். முழுக் கேனாக இருந்தால் போலி ஒயில் நிரப்ப எடுத்துச் செல்வார்கள்.
7. கழிவு ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக அது கிணற்றுக்குத்தான் போகும்.

அந்தக் கொப்பி வாகனத்துக்குள்ளேயே இருக்கட்டும். வானை நாளை வேறொருவர் ஓட்டினாலும், யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வழியில் நின்று தெரியாத கராஜ் ஒன்றுக்குப் போக நேர்ந்தாலும், உள்ளே என்ன ஒயில் இருக்கிறது என்பதை மெக்கானிக் அதில் பார்த்துக்கொள்வார்.